சுருட்டை முடியைப் பராமரிப்பது எப்படி? பதுளைத் தோட்டங்களிலிருந்து ஒரு கைக்குறிப்பு

2010ஆம் ஆண்டு தை மாதம் நானும் அம்மாவும் வவுனியாவிலிருந்து பஸ் மாறி மாறிப் பதுளைக்கு வந்து இறங்கியபோது என் தலையில் இரண்டு அங்குல முடிதான் இருந்தது. முகாமில் இருந்த மாதங்களில் குடிக்கிற தண்ணீருக்கே வரிசை. தலையில் பேன் மொய்த்தது. சிக்கெடுக்க வழி தெரியாமல் ஒரு நாள் அம்மா பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி ஒட்ட வெட்டிவிட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அப்பாவின் அம்மா பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தார். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியதை வாசகர்கள் அறிவார்கள். அப்பாவும் அப்படி 1983இல் கிளிநொச்சிப் பக்கம் போனவர். அப்பாயி மட்டும் தோட்டத்தை விட்டு நகரவில்லை. நாங்கள் அப்பா இல்லாமல் திரும்பி வந்தோம். அப்பாயி எதுவும் கேட்கவில்லை. என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பன் முடி. சீப்பப் போட்டு இழுக்காத புள்ள. தண்ணியும் எண்ணெயும் குடுத்தா அதுவா வளரும்" என்றார்.

அந்த வார்த்தை விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது. பாடசாலை முடிந்ததும் பதுளை நகரில் அழகுக்கலை வேலை பழகினேன். இப்போது பத்து வருடமாக அதே தொழில். பசறை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். சுருட்டை முடிக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இத நேராக்க முடியுமா?"

போன சித்திரையில் ஒரு தாய் மகளைக் கூட்டிவந்தார். "தங்கச்சி, இவளுக்கு ஓஎல் முடிஞ்சிருச்சு. கடையில வேலைக்குக் கேட்டிருக்கு. இந்தப் பரட்டத் தலயோட எப்பிடி அனுப்புறது? நேராக்கி உடுங்க" என்றார். பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. காய்ந்த முடியை நெருக்கமான சீப்பால் சீவிச் சீவி முடி பஞ்சுபோல எழும்பி நின்றது. காதோரத்தில் பாதியில் முறிந்த முடிகள் தெரிந்தன.

அன்று நான் மருந்து எதுவும் போடவில்லை. தலையைக் கழுவி, ஈரத்தோடு சிக்கெடுத்து, காயவிட்டுக் காட்டினேன். அன்று அந்தத் தாயிடம் சொன்னதையும் சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

சுருட்டை எப்படி உண்டாகிறது?

முடி முளைக்கும் குழி தோலுக்குள் நேராக இறங்கினால் முடி நேராக வளரும். குழி வளைந்திருந்தால் முடி சுருண்டு வளரும். குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் கோரை முடி வட்டமாகவும் சுருட்டை முடி முட்டை வடிவிலும் இருக்கும். இது பரம்பரையாக வருவது. எந்த எண்ணெயும் எந்தச் சீப்பும் இதை மாற்றாது.

இந்த வளைவினால் மூன்று விளைவுகள் உண்டு. பராமரிப்பு முறை எல்லாமே இவற்றிலிருந்துதான் வருகிறது.

முதலாவது, தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருளில் அது பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே வேர் எண்ணெய்ப்பசையாகவும் நுனி வைக்கோலாகவும் இருக்கும். அடிக்கடி கழுவினால் நுனி இன்னும் காயும்.

இரண்டாவது, முடியின் மேலே மீன் செதில்போல ஒரு படை உண்டு. முடி வளைகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தச் செதில் கொஞ்சம் தூக்கி நிற்கும். முடி முறிவதும் சிக்கு விழுவதும் அங்கேதான்.

மூன்றாவது, முடி நனையும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது திரும்பவும் சேர்கின்றன. ஈரத்தில் எந்த வடிவில் விடுகிறோமோ அந்த வடிவில்தான் காய்ந்த பிறகு நிற்கும். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு சீவினால் சேர்ந்திருந்த சுருள் பிரிந்து பரட்டையாகும். பரட்டை என்று நாம் ஏசுவது பெரும்பாலும் சீப்பு செய்த வேலை.

கூந்தலுக்குக் குழல் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆற்றில் நீர் வடிந்த பிறகு மணலில் தெரிகிற அலைவரிகளுக்கு அறல் என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அந்த அறலைத்தான் உவமை சொன்னார்கள். சுருளை அழகாகப் பார்த்த கண் ஒரு காலத்தில் நமக்கு இருந்தது.

கச்சானும் மாரியும்

ஊவாவில் முடிக்கு இரண்டு காலம். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, மத்திய மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். யூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்றில்தான் உலகம் தேடி வாங்குகிற ஊவாத் தேயிலையின் தனி வாசம் உண்டாகிறது. தேயிலைக்குக் குணம் கொடுக்கும் அதே காற்று கொழுந்து பறிக்கிறவரின் உதட்டையும் முடியையும் வெடிக்க வைக்கிறது. இந்த மாதங்களில் நுனிக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும், தலைக்குத் துணி வேண்டும், ஷம்பூ குறைய வேண்டும்.

ஒக்டோபர் முதல் தை வரை மழை. காற்றில் ஈரம் கூடும்போது சுருட்டை முடி அதை உறிஞ்சி ஊதிப் பருக்கும். அப்போது எண்ணெயைக் குறைக்க வேண்டும். முக்கியமாக, முடியை ஈரத்தோடு முடிந்து வைக்கக் கூடாது. நாள்முழுதும் நனைந்த தலையில் பொடுகும் கெட்ட மணமும் வரும்.

சமநிலை என்பது இதுதான். வருடம் முழுவதும் ஒரே அளவு எண்ணெய், ஒரே அளவு ஷம்பூ என்று இருக்க முடியாது. தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முடி வைக்கோல்போல் கரகரத்து நின்றால் ஈரமும் எண்ணெயும் போதவில்லை. சோர்ந்து ஒட்டிச் சுருள் தொய்ந்தால் எண்ணெயோ கண்டிஷனரோ கூடிவிட்டது.

கிழமைக்கு ஒரு முறை: சனி இரவும் ஞாயிறும்

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு விடியற்காலை நாலரைக்கு அடுப்பு, பிறகு பிள்ளைகள், பிறகு பெரட்டு. வார நாளில் தலை குளித்துக் காயவிட நேரமில்லை. அதனால் ஞாயிறை வைத்துத்தான் இந்த ஒழுங்கை அமைத்திருக்கிறேன். சுருட்டை முடிக்குக் கிழமைக்கு ஒரு தரம் கழுவினால் போதும். வேர்வையும் புழுதியும் அதிகமானால் இரண்டு தரம்.

சனி இரவு: ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் எடுத்து, பாதி முடியிலிருந்து நுனிவரை உள்ளங்கையால் தடவுங்கள். தலைத்தோலில் ஊற்ற வேண்டாம். கழுவும்போது முடி தண்ணீரை உறிஞ்சி வீங்கும், அப்போது அதன் புரதம் கரைந்து போகும். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கி இந்த இழப்பைக் குறைப்பதாக 2003இல் மும்பை ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயிலும் கனிம எண்ணெயிலும் அந்தப் பலன் தெரியவில்லை. அவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்து ஆய்வாளர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நம் பாட்டிமார் செய்ததோடு இது ஒத்துப்போகிறது.

ஞாயிறு காலை:

1. முடியை விரலால் நான்கு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கி வையுங்கள். ஒரே மொத்தையாகக் கழுவினால் சிக்கு கூடும்.

2. தலையை நன்றாக நனையுங்கள். பீலித் தண்ணீர் குளிராக இருந்தால் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் கலந்து இளஞ்சூடாக்கலாம். கொதிக்கிற சூடு வேண்டாம்.

3. சிறு பக்கெட் ஷம்பூவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் ஊற்றி, விரல் நுனியின் சதையால் தேயுங்கள். நகம் படக் கூடாது. வழிந்து இறங்கும் நுரையே நுனிக்குப் போதும். முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம்.

4. கழுவிய பிறகு கண்டிஷனர் அல்லது செவ்வரத்தை இலைச் சாறு தடவுங்கள். முடி வழுவழுப்பாகும். அந்த வழுவழுப்பில்தான் சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரல், பிறகு அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள். வேரிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே முடிச்சாகும்.

5. அலசுங்கள். காய்ந்த காலமென்றால் முடியில் கொஞ்சம் வழுவழுப்பு மிஞ்சும்படி அலசினால் நல்லது.

6. துவாயால் உரசித் துடைக்காதீர்கள். பழைய பருத்தி ரீசேர்ட் அல்லது அப்பாவின் பழைய சாரத்துணி போதும். முடியை அதில் ஏந்தி, கீழிருந்து மேலாக அமுக்கிப் பிடித்து விடுங்கள். தண்ணீர் வடியும், சுருளும் கூடும்.

7. உள்ளங்கையில் இரண்டு மூன்று துளி எண்ணெய் தேய்த்து, ஈர முடியின் மேல் ஒத்தியெடுங்கள். பிறகு காயும்வரை கை வைக்காதீர்கள். இஸ்தோப்பில் இருந்து காற்றில் காயலாம். அடுப்புப் புகையில் காயவைத்தால் முடியும் காயும், புகையும் ஏறும்.

காய்ந்ததும் முடி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் இரு கையாலும் மெல்லக் கசக்கிவிடுங்கள். சீப்பு வேண்டாம். அடுத்த ஞாயிறுவரை சீப்பை ஒளித்து வைத்தாலும் பரவாயில்லை.

இடை நாட்களில்

இரவில் தலையணையின் பருத்தி உறை முடியை உரசும், ஈரத்தையும் உறிஞ்சும். கடையில் விற்கும் சாட்டின் உறை தேவையில்லை. பழைய நைலெக்ஸ் சேலையின் ஒரு துண்டைத் தலையணையில் சுற்றினால் அதே பலன். படுக்கும்போது முடியை உச்சியில் தளர்வாகக் கட்டலாம், அல்லது ஒற்றைப் பின்னலாக விடலாம்.

காலையில் கையை நனைத்து, எழும்பி நிற்கும் சுருளை மட்டும் ஈரமாக்கி விரலில் சுற்றி விடுங்கள். முழுத்தலையையும் நனைக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போகும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. அப்பாயியின் உச்சியில், கூடைக் கயிறு நாற்பது வருடம் பதிந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து இழுவையும் அழுத்தமும் பட்டால் முடிவேர் செத்துப்போகும். தொடக்கத்தில் கவனித்தால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் முளைக்காது. கயிற்றுக்குக் கீழே துணியை நான்கு மடிப்பாக வையுங்கள். பருத்தித் துணியின் உட்புறம் பழைய சேலைத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டால் முடி உரசாது. கொண்டையை உச்சியில் போடாமல் பிடரியில் தளர்வாகப் போடுங்கள். கயிறு விழும் இடத்தை முடிந்தவரை மாற்றி மாற்றி வையுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் விதி. பின்னல் சுருட்டை முடிக்கு எதிரியல்ல, இறுக்கம்தான் எதிரி. நெற்றித்தோல் இழுபட்டு வலித்தால், அல்லது நெற்றியோரம் சிறு கொப்புளம் தெரிந்தால், பின்னல் இறுக்கம் கூடிவிட்டது. ஞாயிறு பின்னேரம் முடி முக்கால்வாசி காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தளர்வாகப் பின்னிவிட்டால் திங்கள் காலை சண்டை இல்லை.

வீட்டில் இருப்பவை

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. சுருட்டை முடிக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் கிறீம் போத்தல் ஒன்று இரண்டு மூன்று நாட்சம்பளத்தை விழுங்கிவிடும். அது இல்லாமலும் முடியும்.

செவ்வரத்தை: எங்கள் பக்கத்தில் செம்பருத்தி என்பார்கள். பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். துணியில் வடித்துத்தான் தடவ வேண்டும். இல்லாவிட்டால் இலைத்துகள் சுருளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

வெந்தயம்: ஒரு மேசைக்கரண்டியை இரவு ஊறவைத்து, அரைத்து, வடித்த கூழ் நல்ல கண்டிஷனர்.

தவுல் குருந்து: கிராமத்துச் சிங்களப் பெண்கள் தலைக்குப் பாவிக்கும் இலை. ஆஸ்மி என்ற பலகாரத்தின் மாவுக்குப் பசை கொடுப்பதும் இதன் சாறுதான். அப்பாயிக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கீழ்க் கிராமத்துக் காய்கறிக்கார அம்மா.

கஞ்சித் தண்ணீர்: சாரத்துக்குக் கஞ்சி போட்டால் விறைப்பதுபோல முடியும் விறைக்கும். மெல்லிய, தொய்ந்த சுருளுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு தரம் நல்லது. ஏற்கெனவே கரகரத்த முடிக்கு வேண்டாம்.

சீயக்காய்: அழுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் தூளாகத் தேய்த்தால் சுருளைச் சுரண்டும். கொதிக்கவைத்து வடித்த நீரை மட்டும் பாவியுங்கள்.

சவர்க்காரம்: முகாமிலும் லயத்திலும் நாம் தலைக்குப் போட்டது இதைத்தான். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, அதன் பீ.எச். அளவு 9 அல்லது 10 வரும். தலைத்தோலோ சற்றே அமிலம், ஏறத்தாழ 5.5. காரம் பட்டால் செதில் விரியும், முடி முரடாகும். மலையகத்து ஊற்றுநீர் மென்னீர் என்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரில் சவர்க்காரம் போட்டுத் தலை முழுகினால் வெள்ளைப் படிவு முடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருப்பவர்கள் சவர்க்காரத்துக்குப் பதில் ஷம்பூவைக் கரைத்துப் பாவியுங்கள். வேறு வழியில்லாவிட்டால் கடைசியில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு கலந்து ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும். அதனால் அலசாமல் வெளியே போகக் கூடாது.

பொடுகு இருந்தால் எண்ணெயைத் தலைத்தோலில் நாட்கணக்கில் ஊறவிடாதீர்கள். பொடுகை உண்டாக்கும் நுண்ணுயிர் அந்த எண்ணெயைத் தின்றுதான் பெருகுகிறது. மருந்தகத்தில் கீற்றோகொனசோல் ஷம்பூ கேட்டு வாங்கி, அதில் எழுதியுள்ளபடி பாவியுங்கள்.

நேராக்குவதற்கு முன்

முடியை நேராக்குவது அவரவர் விருப்பம். தெரிந்து செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. றீபொண்டிங் என்பது முடியின் உள்ளிருக்கும் வலுவான கந்தகப் பிணைப்புகளை இரசாயனத்தால் உடைத்து, நேராக வைத்துத் திரும்பப் பிணைப்பது. உடைந்த முடி பழைய வலுவுக்கு வராது. புதிதாக வேரிலிருந்து வருவது சுருட்டையாகவே வரும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும்போது, ஆறு மாதத்தில் மேலே சுருட்டையும் கீழே நேருமாக நிற்கும். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் முடி முறியும். பிறகு திரும்பவும் காசு.

கெரற்றின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படும் சிலவற்றில் ஃபோர்மல்டிஹைட் வாயு வெளியாகிறது. சூட்டுக் கருவி வைக்கும்போது கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால் அதுதான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2022 ஒக்டோபரில் வெளிவந்தது. முடி நேராக்கும் இரசாயனங்களைப் பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம். அடிக்கடி பாவித்தவர்களில் அது 4.05 வீதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுதான் காரணம் என்று முடிவாகச் சொல்லவில்லை. இருந்தாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்டால் நான் செய்வதில்லை.

முடியின் வடிவத்துக்காக வேலையும் படிப்பும் மறுக்கப்படுவது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. கறுப்பின மக்களின் சுருட்டை முடியைக் காரணம் காட்டி ஒதுக்குவதைத் தடுக்க 2019இல் கலிபோர்னியாவில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். சுருட்டை முடியைச் சீவாமல், கடும் ஷம்பூ போடாமல் பராமரிக்கும் முறையை லொறெய்ன் மாசி என்ற சிகையலங்காரக் கலைஞர் 2001இல் புத்தகமாக எழுதியபோது அதை உலகம் புதிதாகப் பார்த்தது. எண்ணெய், தண்ணீர், விரல் என்ற மூன்றும் எங்கள் லயத்தில் அதற்கு முன்பே இருந்தன.

முடி கொட்டும்போது

நாளுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது வழக்கம். சுருட்டை முடிக்காரர் தினமும் சீவாததால் உதிர்ந்தவை உள்ளேயே தங்கி, ஞாயிறன்று ஒரு கைப்பிடியாக வரும். பயப்பட வேண்டாம்.

பெரிய காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி, தாங்க முடியாத அதிர்ச்சி இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். 2009இல் எங்களில் பலருக்கு நடந்தது இதுதான். பலர் தண்ணீரைக் குறை சொன்னோம். உடல் தன் சக்தியை உயிர் காக்கத் திருப்பும்போது முடியைக் கைவிடுகிறது. காரணம் நீங்கினால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் திரும்ப வரும்.

திரும்பி வராவிட்டால் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் சோதித்துப் பார்க்க வைத்தியரைக் கேளுங்கள். கண் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால், படியேற மூச்சு வாங்கினால் இரத்தசோகையாக இருக்கலாம். தேயிலை நாட்டில் இருக்கும் நமக்கு ஒரு விஷயம்: சாப்பாட்டோடு குடிக்கிற சாயத்தண்ணி கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். காசு வட்டத்தில் முடி போனால், தலைத்தோல் சிவந்து செதில் உதிர்ந்தால், சீழ் கண்டால் வீட்டு மருந்து பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பேன்

பேனுக்காகத் தலையை மொட்டையடிக்க வேண்டியதில்லை. பேன் தலையோடு தலை பட்டால் தொற்றுவது. அது அசுத்தத்தின் அடையாளமல்ல. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தோல் வெந்துபோகும், அடுப்படியில் தீப்பிடிக்கும். ஈர முடியில் கண்டிஷனர் அல்லது செவ்வரத்தைச் சாறு தாராளமாகத் தடவி, அகலச் சீப்பால் சிக்கெடுத்த பிறகு, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு வாருதலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும். அதனால் மூன்று நாலு நாளுக்கு ஒரு தரம், இரண்டு கிழமை விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் எல்லோரின் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.

தழும்புள்ள தலைக்கு

வன்னியிலிருந்து மலையகத்துக்குத் திரும்பிய குடும்பங்களிலிருந்து வரும் சிலருடைய தலையில் செல் துண்டு கிழித்த தழும்பு இருக்கிறது. முதலில் வாயால் சொல்ல மாட்டார்கள். கை பட்டதும் தோள் இறுகும். அதனால் நான் யாருடைய தலையிலும் கை வைக்குமுன் "எங்கயாவது நோகுமா?" என்று கேட்டுவிடுகிறேன்.

தழும்பில் முடிவேர் இல்லை, எண்ணெய் போட்டு முளைக்கவைக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள சுருட்டை முடி நன்றாக மூடிக்கொடுக்கும். நேரான முடியைவிடச் சுருட்டை இந்த வேலைக்கு நல்லது. பக்கவகிட்டை மாற்றி எடுத்தால் போதும். தழும்பில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், சூட்டுக் கருவி சுட்டாலும் தெரியாது. அங்கே இரசாயனமும் சூடும் கூடாது. வெயிலில் துணியால் மூடுங்கள். அந்த இடம் புதிதாக வீங்கினால், நொந்தால், உள்ளே ஏதோ நகர்வதுபோல் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். துண்டு உள்ளே தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சித்திரையில் வந்த அந்தப் பிள்ளை ஆடியில் தனியாக வந்தாள். கச்சான் காற்றில் முடி மறுபடி கரகரக்கிறது, எண்ணெய் எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டாள். கடையில் வேலை கிடைத்திருந்தது. முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, காதோரச் சுருளை அப்படியே விட்டிருந்தாள். காதோரம் முறிந்திருந்த இடத்தில் புதுமுடி ஒரு அங்குலத்துக்கு மேல் வந்திருந்தது. அதுவும் சுருட்டைதான்.

அப்பாயி 2018இல் தவறிப்போனார். கடைசி இரண்டு வருடம் ஞாயிறுதோறும் நான்தான் தலைக்கு ஊற்றினேன். கயிறு பதிந்த இடத்தில் விரலை மெல்ல ஓட்டுவேன். மற்ற முடி நரைத்தும் சுருள் குலையாமல் இருந்தது. ஊற்றி முடித்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து காயவிடுவார். யாராவது சீப்பை நீட்டினால் வேண்டாம் என்று கையால் தள்ளிவிடுவார்.